ஹெட்டும் பிளாக்கும்

அந்த அம்பாசிடருக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ராஜபாளையத்தில் கழிவுப் பஞ்சு வியாபாரம் செய்த ஐயாதுரையின் காரில், இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வெடித்துக் கிடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பீர் மைதீனின் காரோ புளியமரத்தில் மோதி, ஹெட்டைத் தவிர உருப்படியாக ஒன்றும் மிஞ்சவில்லை. ஐயாதுரையின் இன்ஜினின் அடிப்பாகமான பிளாக்கின் மேல் பீர் மைதீனின் ஹெட்டை உட்காரவைத்து, ஒரு வாரம் இவருக்கு, ஒரு வாரம் அவருக்கு என்று பேசிக்கொண்டார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் அது.

சனிக்கிழமைதோறும் முறை மாறும். கார் வைத்திருப்பவர் அதை ஓட்டிக்கொண்டு மற்றவர் ஊருக்குப் போவார். டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு பஸ்ஸில் திரும்புவார். பீர் மைதீன் வாரம் முழுக்கக் கடையில் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சேலை விலையைத் தவிர வேறு பேச்சு அவருக்குச் சனிக்கிழமைதான் வாய்த்தது.

காரில் ஒரே குறை, மேடு ஏறாது. ஹெட் ஒரு வருஷத்து மாடல், பிளாக் இன்னொரு வருஷத்து மாடல். போல்ட்டுத் துளைகள் ஒத்துப்போயின, இழுவை ஒத்துப்போகவில்லை. ஐயாதுரையின் மகளைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருந்தது. செங்கோட்டை தாண்டி மலைப்பாதை வந்ததும் ஓட்டுகிறவரைத் தவிர எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். காரில் போனதைவிடக் காருக்குத் துணையாக நடந்ததுதான் அதிகம் என்று ஐயாதுரையின் மனைவி சண்முகத்தாய் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வந்தாள். இப்போது மகளைப் பேறுகாலத்துக்குக் கூட்டிவர வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியை இறங்கி நடக்கச் சொல்ல முடியுமா?

ஐயாதுரை தயங்கித்தான் சொன்னார். "இந்தத் தடவையும் ஏறலேன்னா அவியவிய சாமானை எடுத்துக்கிடுவோம் பாய். நான் வேற வண்டி பாத்துக்கிடுதேன்."

பீர் மைதீன் சரி என்று தலையாட்டினார். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. கார் போனால் போகட்டும். கார் இல்லாமல் சனிக்கிழமை என்ன சொல்லிக்கொண்டு ராஜபாளையம் போவது? சும்மா பார்க்க வந்தேன் என்று வாசலில் போய் நிற்கிற பழக்கம் இருவருக்குமே இல்லை.

மெக்கானிக் சோலைராஜ் இன்ஜினைப் பிரித்தார். காற்றுப் பாதைகள் கூடுகிற இடங்களில் இருந்த மேடுகளை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கினார். பெட்ரோல் கூடுதலாக இறங்க, கார்புரேட்டருக்குக் கொஞ்சம் பெரிய ஜெட் போட்டார். இவ்வளவும் செய்தது மலைக்குப் பத்தாது என்றும், ஹெட்டின் அடியையோ பிளாக்கின் மேற்பரப்பையோ லேத் பட்டறையில் மெல்லிசாகச் சீவினால் அமுக்கம் கூடி இழுவை வரும் என்றும் சொன்னார். இரண்டில் ஒன்றைச் சீவினால் போதும்.

இருவரும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். சீவின சாமான் வேறு இன்ஜினுக்குச் சரிப்படாது. நாளைக்குப் பிரிந்தால் அவரவர் பொருள் முழுசாகத் திரும்ப வேண்டாமா?

இன்ஜினைப் பிரித்தால், வேலை முடியும்வரை அவரவர் சாமானை அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். சந்தேகம் ஒன்றுமில்லை, தொடக்கத்தில் அப்படிச் செய்தார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. பிளாக் மாட்டுவண்டியில் ஐயாதுரையின் பஞ்சுக் கிட்டங்கிக்குப் போயிற்று. ஹெட்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்த பீர் மைதீன், அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவைத்தார். தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் கடையைத் திறக்காமல் நேரே லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

சீவின பரப்பு கண்ணாடிபோல் மின்னியது. இனி இது வேறெதற்கும் ஆகாது என்று தெரிந்தும் அவருக்கு மனம் லேசாக இருந்தது. அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டாம் என்று சோலைராஜிடம் கேட்டுக்கொண்டார். சோலைராஜ் ஹெட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எதையோ சொல்ல வாயெடுத்து, "சரி பாய்" என்று முடித்துக்கொண்டார்.

பூட்டி, மூவருமாக ஓட்டிப் பார்த்த அன்று கார் சீறிக்கொண்டுதான் கிளம்பியது. ஆக்சிலேட்டரை அழுத்தியதும் இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி தட்டத் தொடங்கிற்று. சோலைராஜ் ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு ஐயாதுரையைப் பார்த்தார்.

"ஒண்ணைச் சீவச் சொன்னா ரெண்டையும் சீவிட்டு வந்து நிக்கிய. அமுக்கம் கூடிப்போச்சு. சொல்லாதன்னு பாயும் சொன்னாவ, சொல்லாதன்னு நீங்களும் சொன்னிய. நான் யாருகிட்டச் சொல்ல?"

ஐயாதுரை பீர் மைதீன் பக்கம் திரும்பினார்.

"எம்புட்டுச் சீவினீரு?"

"லேத்துக்காரன் போதும்னு சொல்லுத வரைக்கும்."

"நானும் அம்புட்டுதான்."

"அப்போ உங்க பிளாக்கு இனி வேற வண்டிக்கு ஆகாதே அண்ணாச்சி."

"உம்ம ஹெட்டு மட்டும் ஆகுமோ?"

சோலைராஜ் திரும்பவும் பிரித்து, இரண்டுக்கும் நடுவே ஒன்றுக்குப் பதில் இரண்டு கேஸ்கட் தகடு வைத்துப் பூட்டினார். கூடிப்போன அமுக்கம் அளவுக்கு வந்தது. தட்டுவது நின்றது.

புனலூருக்கு பீர் மைதீன்தான் ஓட்டினார். வழக்கமாக எல்லோரும் இறங்குகிற வளைவு வந்ததும் சண்முகத்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவில் கைவைத்தாள். கார் நிற்கவில்லை. செகண்ட் கியரில் முனகிக்கொண்டே ஏறியது. மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்து முந்திக்கொண்டு போயிற்று. அவள் கையை எடுத்துக்கொண்டு, வெளியே தானாகப் பின்னால் போகிற மரங்களைப் பார்த்தபடி இருந்தாள்.

உச்சி வந்ததும் ஐயாதுரை தொண்டையைச் செருமினார்.

"பின் டயர் வழுக்கையாயிருக்கு பாய். சனிக்கிழமை வரும்போது பாக்கணும்."

பார்ப்போம் என்றார் பீர் மைதீன்.