ஒற்றைக் குமிழ் ஆம்ப்ளிஃபயர்

ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதா வேண்டாமா என்று அப்பா ஒரு வருடம் யோசித்தார். என்னைக் கட்டிக்கொடுக்கக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை.

பழையதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதில் கனத்த ஒலிக்கு பேஸ், உச்ச ஒலிக்கு ட்ரெபிள் என்று இரண்டு குமிழ்கள் இருந்தன. அவைதான் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. ஒலிப்பதிவு செய்தவர் வைத்தது வைத்தபடி கேட்க வேண்டும், நாம் கூட்டுவதும் குறைப்பதும் பாவம் என்பது அவர் கொள்கை. அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அம்மா நேர் எதிர். இருவரும் வேலை முடிந்து வந்ததும் ஹால் சோஃபாவில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பார்கள். மற்ற நேரமெல்லாம் கரண்ட் பில், ஒழுகும் குழாய், என் மாமியார் என்றுதான் பேச்சு. இரண்டு பேரும் சேர்ந்து சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். உட்காரும் முன் அம்மா ட்ரெபிளை முழுக்கத் திருகுவாள். அப்பா எழுந்து போய் நடுவில் கொண்டுவந்து வைப்பார். அவர் பாத்ரூம் போய்விட்டு வந்தால் குமிழ் மறுபடி மேலே ஏறியிருக்கும்.

“உனக்கு இருக்கறது காதா, தகர டப்பாவா?”

“எனக்கு இப்படித்தான் பிடிக்குது. விடுங்களேன்.”

கடைசியில் ஆடியோ கடைக்காரர் ஒரு புது ஆம்ப்ளிஃபயரை, வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள் என்று கொடுத்தனுப்பினார். முன்பக்கத்தில் வால்யூமைத் தவிர ஒன்றும் கிடையாது. அப்பாவுக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. ஆனாலும் அம்மாவைக் கேட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

“நீ சொல்லு. வெச்சுக்கலாமா, திருப்பி அனுப்பிடலாமா?”

அம்மா கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. வெச்சுக்குங்க.”

பழையது எக்ஸ்சேஞ்சில் போனது.

அதன்பிறகு அம்மாவுக்குத் துணி மடிக்கிற வேலை சரியாகப் பாட்டு நேரத்தில்தான் வந்தது. அப்புறம் போன். அப்புறம் தலைவலி. அப்பா கேபிளை மாற்றினார், ஸ்பீக்கரை நகர்த்தினார், தரையில் கம்பளம் விரித்தார். கொள்கையை மட்டும் மாற்றவில்லை. பாதி சோஃபா காலியாகவே கிடந்தது. இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

ஒருமுறை நான் போயிருந்தபோது, ஏன் ஹால் பக்கமே வருவதில்லை என்று அம்மாவைக் கேட்டேன்.

“பக்கத்து வீட்ல பாடுற மாதிரி இருக்குடி. வார்த்தையே புரியல. அவர் ஆசையா வாங்கினது, எப்படிச் சொல்றது?”

காது டாக்டரிடம் அழைத்துப்போனோம். அவர் காட்டிய வரைபடத்தில் கோடு பாதி தூரம் நேராக வந்து, பிறகு மாடிப்படி மாதிரி இறங்கியது. கனத்த ஒலிகள் கேட்கின்றன, மெல்லிய உச்ச ஒலிகள் கேட்கவில்லை. “ரொம்ப வருஷமாவே குறைஞ்சுக்கிட்டு வந்திருக்கு. அப்பவே காதுக்கு மெஷின் போட்டிருந்தா நல்லாப் பழகியிருக்கும்” என்றார். அப்பாவுக்கு ஒலியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. ட்ரெபிள் குமிழ் எதைக் கூட்டுமோ, அதுதான் அம்மாவின் காதில் குறைந்துகொண்டே வந்திருந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாளே ட்ரெபிள் குமிழ் உள்ள ஆம்ப்ளிஃபயர் வீட்டுக்கு வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். தன் கையாலேயே குமிழை முழுக்கத் திருகிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முதலில் வெறும் காதால் கேட்டாள், குமிழ் முழுக்க ஏறியும் இப்போது வார்த்தை புரியவில்லை. பிறகு டாக்டர் கொடுத்த காது மெஷினை மாட்டிக்கொண்டு கேட்டாள். மெஷினில் எங்கள் பேச்சு நன்றாகக் கேட்டது. பாட்டு மட்டும் கரகரவென்று வந்தது.

“போதுங்க. நிறுத்திடுங்க.”

அப்பா நிறுத்தினார்.

“எதுக்கு முழுசா திருகுறன்னு ஒரு நாளாவது உன்னைக் கேட்டிருக்கணும்” என்றார்.

“கேட்டிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்” என்றாள் அம்மா.