உலையில் வைத்த வில்லை

மின்னிணைப்புக்குத் தடவிய வெள்ளிப் பசையில்தான் கோளாறு என்று ஆய்வு மாணவி ஆரோக்கிய அனிதா நினைத்திருந்தாள். பழையதைச் சுரண்டிவிட்டு, வில்லையின் இருபுறமும் புதிதாகத் தடவி, கம்பிகளைப் பொருத்தி மறுபடி உலைக்குள் நுழைத்தாள். திரையில் அதே எண்தான் வந்தது. சிந்துஜா அக்காவின் ஆய்வேட்டில் இருக்கும் மின்கடத்தலில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சளாக இருக்கும் அந்த வில்லை, பிஸ்மத் ஆக்சைடில் இட்ரியம் கலந்து சிந்துஜா சுட்டது. கலப்பில்லாத ஆக்சைடு கடும் சூட்டில் மட்டும் கனசதுரப் படிகமாக நிற்கும். அதில் காலியாகக் கிடக்கும் இடங்கள் வழியாக ஆக்சிஜன் அயனிகள் தாவிப் போவதால் மின்சாரம் கடக்கும். ஆறினால் கட்டமைப்பு குலைந்து வழி அடைபடும். இட்ரியம் சேர்த்தால் சூடு குறைந்தாலும் கனசதுரம் குலையாது என்பதுதான் சிந்துஜாவின் ஆறு வருட உழைப்பு. அடுத்த வாரம் அவளுக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. பட்டம் வந்தால் கடலூரில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் சிதம்பரம் பல்கலைக்கழகத்துக்கு வந்து போகும் அனிதா, அதே வில்லையை வாரக்கணக்கில் உலையிலேயே விட்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அதைப் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் கருவியில் வைத்துப் பார்த்தாள். வரைபடத்தில் ஒற்றையாக இருக்க வேண்டிய கோடு இரண்டாகப் பிளந்திருந்தது. கனசதுரம் சாய்சதுரமாகச் சரிந்துவிட்டது. தான் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

இருவருக்கும் நெறியாளரான ராஜாமணி வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். தேர்வு முடியட்டும், பிறகு தனிக் கட்டுரையாகவே எழுதலாம், இப்போது யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அவர் கெட்டவர் இல்லை. சிந்துஜா பட்டம் வாங்கிவிட வேண்டும் என்றுதான் அவரும் தவித்தார்.

இரண்டு நாள் அனிதா சிந்துஜாவின் கண்ணில் படாமல் திரிந்தாள். மூன்றாம் நாள் நூலக வாசலில் சிந்துஜாவே வந்து பிடித்துக்கொண்டாள். தேர்வுக்கு அம்மா குமராட்சியிலிருந்து வரப்போவதாகவும், நடவு வேலைக்கு லீவு சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அதற்கு மேல் அனிதாவால் அடக்க முடியவில்லை. செல்போனில் இருந்த படத்தைக் காட்டினாள்.

சிந்துஜா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“எவ்ளோ நாள் சூட்டுல வச்சிருந்த?”

“மூணு வாரம்க்கா.”

“நான் ரெண்டு நாளுக்கு மேல வச்சதே இல்ல. உலைக்கு அத்தினி பேரு காத்துக்கினு இருந்தாங்க.” படத்தை மறுபடி பார்த்தபடியே கேட்டாள். “சார் என்னா சொன்னாரு?”

அனிதா சொன்னாள். சிந்துஜா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்து போனாள். தன்மேல் கோபமா என்றுகூட அனிதாவுக்குத் தெரியவில்லை. அன்று ராத்திரி அந்தப் படத்தை அனுப்பும்படி மட்டும் ஒரு செய்தி வந்தது.

தேர்வன்று கடைசி வரிசையில் சிந்துஜாவின் அம்மா மலர்க்கொடிக்குப் பக்கத்தில் அனிதா உட்கார்ந்திருந்தாள். எல்லாம் நல்லபடியாகவே போனது. முடிவுரைக்கு முன்னால் சிந்துஜா பிளந்த கோட்டைத் திரையில் காட்டினாள்.

“ஆய்வேட்டில் மாறாது என்று எழுதியிருக்கிறேன். அது குறைந்த நேரத்துக்குத்தான் சரி. நாள்பட்ட சூட்டில் கட்டமைப்பு மாறுகிறது, கடத்தலும் விழுகிறது. இதைக் கண்டது ஆரோக்கிய அனிதா.”

ராஜாமணி தலையைக் குனிந்துகொண்டார். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிறையக் கேள்விகள் கேட்டார். சிலவற்றுக்குச் சிந்துஜா பதில் சொன்னாள், சிலவற்றுக்குத் தெரியாது என்றாள். கடைசியில் எல்லாரையும் வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

“முடிஞ்சிதாம்மா? பாஸாயிட்டியா?” என்று மலர்க்கொடி கேட்டாள்.

“பேசிக்கினு இருக்காங்கம்மா.”

மலர்க்கொடி முந்தானையை எடுத்து மகளின் கழுத்து வியர்வையை ஒற்றினாள். குழந்தையைப் போலத் தலையைச் சாய்த்துக் கொடுத்து, கண்ணை மூடியபடி நின்றாள் சிந்துஜா. உள்ளே நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.