கால் ஊன்றாத ஏற்றம்

கொழிஞ்சாம்பாறை இளைஞர் மன்றத்தார் மதுவிலக்குக்காக ஆனைகட்டிக்குச் சைக்கிள் யாத்திரை போகிறார்கள் என்றதும் ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. மன்றத் தலைவர் குப்பண்ணன் தென்னந்தோப்புக்காரர். அவர் தோப்புக் கள்ளைக் குடிக்காத ஆள் மன்றத்தில் தேடினாலும் கிடைக்காது. செல்லாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்க்கும் சர்க்கார் நர்சம்மா அவள். வீடு திரும்பினால் புருஷன் காளிச்சாமியின் புளித்த வாடை. தலையணையை எத்தனை முறை துவைத்தாலும் அந்த நாற்றம் போகவில்லை.

தானும் யாத்திரைக்கு வருவதாக அவள் சொன்னதும் காளிச்சாமி தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"நீ கீழ கால் ஊணாம ஆனைகட்டி மலை ஏறிட்டீன்னா, அன்னைக்கோட கள்ளுக்கடைப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன் புள்ளே. சத்தியம்!"

பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடை சிக்கந்தர், "நான் சாட்சிங்க அக்கா," என்றான்.

அந்தச் சத்தியத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். 'மதுவை ஒழிப்போம்' என்று சிவப்புத் துணியில் எழுத்துகள் வெட்டி, பேனரில் தானே தைத்துக் கொடுத்தாள். குப்பண்ணன் அதை ஜீப்பின் முன்னால் கட்டிக்கொண்டார். சைக்கிள் யாத்திரைக்குத் தலைவர் ஜீப்பில்! பொம்பளைக்குத் துணை வேண்டுமே என்று காளிச்சாமியும் அதிலேயே தொற்றிக்கொண்டான்.

வழியில் தடாகம் என்ற ஊரில் அவளுடைய அண்ணன் வீடு. அண்ணி கமலாத்தாள் வாசலில் நின்று மோர் கொடுத்தாள். "முடியலைன்னா இங்கயே வந்துரு கண்ணு," என்றாள்.

மாங்கரை தாண்டி ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவிலேயே ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டார்கள். செல்லாத்தாள் சீட்டை விட்டு எழுந்து, ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வளைத்து வளைத்து மிதித்தாள். முன்னால் போன ஜீப் அவள் முகத்திலேயே கரும்புகையைக் கக்கியது. மைக்கில் குப்பண்ணன், "தாய்மார்களே, குடியை வெரட்டுங்க!" என்று உளறினார். காளிச்சாமி எட்டித் துப்பிய வெற்றிலை எச்சில் காற்றில் பறந்து வந்து அவளுடைய வெள்ளைச் சேலையில் விழுந்தது. துடைக்கக் கையை எடுத்தால் சைக்கிள் சாய்ந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். ஜீப் வேகமெடுத்து மறைந்ததே பெரிய புண்ணியம்.

தொடை எரிந்தது. கடைசி வளைவில் சக்கரம் நின்றேவிட்டது போலிருந்தது. கால் தானாகக் கீழே போகப் பார்த்தது. தலையணையை நினைத்தாள். இன்னொரு மிதி மிதித்தாள். ரோடு சமமானது.

"ஏறிட்டீங்க அக்கா! கால் ஊணவே இல்லை, நான் பாத்தேன்!" பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த சிக்கந்தர் கத்தினான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆனைகட்டியில் எல்லையைத் தாண்டியதும் கேரளத்துக் கள்ளுக்கடை. வாசலில் ஜீப் நின்றது. குப்பண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து மீன் முள்ளை உறிஞ்சிக்கொண்டிருந்தார். காளிச்சாமி சுவரோரம் குனிந்து வாந்தியெடுத்தான். எடுத்து முடித்து, ஜீப்பில் தொங்கிய பேனரை இழுத்து வாயைத் துடைத்தான். அவள் தைத்த சிவப்பு எழுத்துகளின் மேல் ஈ மொய்த்தது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த வாய்ச் சத்தியத்துக்கா இவ்வளவு மிதித்தோம்!

சைக்கிளை நிறுத்தாமல் அவர்கள் முன்னால் ஒரு வட்டம் அடித்தாள்.

"வந்துட்டியா புள்ளே?" காளிச்சாமி இளித்தான். "எறங்கு, எறங்கு. நீ ஏறி முடிச்சுக் கால் ஊணுனப்பறந்தானே என்னோட சத்தியம் ஆரம்பம்? அதுவரைக்கும் குடிச்சது கணக்குல வராது பாத்துக்க!"

குப்பண்ணன் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்.

"அப்ப நான் ஊணவே மாட்டனுங்க," என்றாள் செல்லாத்தாள். "நீங்க குடிச்சுட்டே இருங்க."

ஹேண்டில்பாரைத் திருப்பினாள். எதிரே வந்த சிக்கந்தர் கூப்பிட்டதற்கும் நிற்கவில்லை. இறக்கத்தில் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வளைவுகளில் இறங்கி, மாங்கரையைத் தாண்டி, தடாகத்தில் கமலாத்தாளின் வாசலில்தான் காலை ஊன்றினாள்.