மண்ணிவாக்கம் மாடி வீடு

"எறங்கிட்டேன்மா. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். உங்க தறி வீட்டுக்கு எப்படி வரணும்?"

போனில் அந்தக் குரலைக் கேட்டதும் அபிக்கு வயிறு நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அது பொய் வலி. இத்தனை பெரிய பொய்யை மடியில் வைத்துக்கொண்டு சர்ச்சில் உட்கார முடியாது என்று சுருண்டு படுத்துக்கொண்டு சொன்ன வலி. அம்மா எஸ்தர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, அப்பாவையும் தம்பி ஜோசுவாவையும் அழைத்துக்கொண்டு ஆராதனைக்குப் போயிருந்தாள்.

"மேடம்... நீங்க அடுத்த ஞாயித்துக்கெழம தானே வரேன்னீங்க?"

"அடுத்த வாரம் முகூர்த்தமாம், பஸ்ஸுல நிக்க எடம் இருக்காதுன்னாங்க. அதான் இன்னிக்கே கெளம்பிட்டேன். இன்னா, வீட்ல இல்லியா?"

"இருக்கோம் மேடம்! இருக்கோம்." வாய் தானாகச் சொன்னது. "அங்கயே ஒரு டீ குடிச்சிட்டு மெதுவா பிள்ளையார்பாளையம் ஷேர் ஆட்டோ ஏறுங்க. கோயில்கிட்ட எறங்கிட்டு போன் பண்ணுங்க. நான் வந்து கூட்டிக்கினு போறேன்."

ஓரிக்கையில் இருக்கும் அபி வீட்டில் தறி இல்லை. பட்டு நூல் ஒரு முழம்கூட இல்லை. இருந்ததெல்லாம் அப்பா சாமுவேல் பழுதுபார்க்கக் கொண்டுவந்து போட்டிருந்த இரண்டு பழைய ஏசி பெட்டிகள். அவள் செருப்பைக்கூட மாற்றாமல் சைக்கிளை எடுத்தாள்.

பொய் ஒரே நாளில் வந்துவிடவில்லை. எஸ்தருக்குத் தாம்பரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் வேலை. ஒன்றரை வருஷமாக நாலு மணிக்கு எழுந்து விடிகாலை ரயிலைப் பிடிக்கிறாள். போன மாதம் திரும்பி வரும்போது உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், காஞ்சிபுரத்தைத் தாண்டித் திருமால்பூரில் போய்க் கண் விழித்தாள். அப்பா பைக்கில் போய் அழைத்து வந்தார். வழியெல்லாம் அவர் முதுகில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்திருக்கிறாள். அன்றைக்கே வீடு மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. எங்கே என்பதுதான் பாக்கி.

"அவங்க சொல்ற வாடகைக்கு தாம்பரம் பிளாட்பாரத்துலயே பெட்ஷீட் விரிச்சிக்கலாம்" என்றார் அப்பா. அப்புறம், "நீ பாரு அபி. உனக்குத்தான் போன்ல எல்லாம் தெரியும். நீ சொல்ற ஏரியாவுக்கு நான் மூட்டைய கட்டறேன்" என்று பொறுப்பை மகளிடம் விட்டுவிட்டார்.

பதினேழு வயதில் ஒரு குடும்பம் எங்கே குடியிருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அபிக்குப் பிடித்துத்தான் இருந்தது. பயாலஜி ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் முழுக்க ஊர்ப் பெயர்கள். குரோம்பேட்டையை வாடகை கேட்டதும் அடித்துவிட்டாள். பெருங்களத்தூரில் கட்டுப்படியான வீட்டுக்கு ஜன்னல் இல்லை. முடிச்சூரில் ஒரு வீடு பரவாயில்லை. ஆனால் மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வரும் என்று கேட்டால் ஓனர் பேச்சை மாற்றினார். மண்ணிவாக்கம்தான் பொருந்தியது. மாடியில் இரண்டு ரூம், தாங்கக்கூடிய வாடகை, தெருமுனையில் தாம்பரம் பஸ். 'அம்மா ஆறு மணி வரைக்கும் தூங்கலாம்' என்று அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

அந்த மண்ணிவாக்கத்திலேயே இதற்கு முன் மூன்று வீடுகள் கைநழுவியிருந்தன. எல்லாம் சரியாகப் போகும், அப்பா பேரைக் கேட்கும் வரைக்கும். 'சாமுவேல்' என்றதும் ஒருவர் 'அப்படியா' என்று போனை வைத்துவிட்டார். இன்னொருவருக்குத் திடீரென்று சொந்தக்காரர்கள் குடிவர இருந்தார்கள். மூன்றாமவர் நேராகவே, "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டார். பதில் சொன்ன பிறகு போனை எடுக்கவே இல்லை.

நாலாவது இந்த நீலாம்பாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கீழ் வீட்டில் தனியாக இருப்பவர். அவர் எதையும் கேட்கவில்லை. "காஞ்சிபுரமா! பட்டு நெய்யறவங்களா?" என்று சந்தோஷமாகக் கூவினார். அவ்வளவுதான். அபி, "ஆமா மேடம்" என்றாள். எத்தனை தறி என்றார். ரெண்டு என்றாள். ஒரு தறி என்றால் ஏழை என்று நினைப்பாரோ என்று பயம். அம்மாவின் நாலு மணி ரயிலை மட்டும் உள்ளது உள்ளபடி சொன்னாள். கடைசியில் அந்தம்மா, "எம் பொண்ணுக்கு நிச்சயதார்த்தம் வருதும்மா. பொடவைய உங்க வீட்லயே எடுத்துக்கறேன்" என்றார்.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு இதையெல்லாம் சங்கரியிடம்தான் போனில் கொட்டினாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படிக்கிறவள்; நிஜத் தறி வீட்டுப் பெண். "ஒரு வாரம் டைம் இருக்குதுடி, கம்னு தூங்கு" என்றிருந்தாள்.

அந்த ஒரு வாரம்தான் இப்போது பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் சங்கரி வீட்டு வாசலில் சைக்கிளைச் சாய்த்தபோது உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. சங்கரியின் அப்பா நமச்சிவாயத்துக்கு ஞாயிறும் ஒன்றுதான் திங்களும் ஒன்றுதான்; அமாவாசைக்கு மட்டும்தான் அவர் தறியை விட்டு எழுந்திருப்பார்.

"வந்துட்டாங்கடி!" என்றாள் அபி.

சங்கரி வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தாள். "யாரு, உன் ஹவுஸ் ஓனரா? நேரா இங்கயே கூட்டிக்கினு வா. இன்னிக்கு ஒரு நாளைக்கு இது உன் வீடு, நான் உன் தங்கச்சி."

"ரெண்டு தறின்னு சொல்லிட்டேன்டி."

"அடிப்பாவி! எங்க வீட்ல இருக்கறதே ஒண்ணு. அதையாவது கொறச்சி சொல்லக் கூடாதா?"

சமையல்கட்டிலிருந்து சங்கரியின் அம்மா கலாவதி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். மறைக்க நேரமில்லை. சங்கரியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். கலாவதிக்கு அதில் ஒரே ஒரு விஷயம்தான் காதில் விழுந்தது.

"நிச்சயதார்த்தப் பொடவையா? எத்தன ரூபாய்ல பாக்கறாங்களாம்?"

"அம்மா!"

"இன்னாடி அம்மா? வீடு பொய்யா இருந்தா இன்னா, பொடவ நெசந்தானே? தறியில இருக்கறது கூட்டுறவு சொசைட்டிக்கு நெய்யற பொடவ, அத தொட முடியாது. உங்க காசிநாதன் மாமா வீட்ல பத்து பொடவ கெடக்குது, அங்க கூட்டிக்கினு போறேன்." பிறகு அபியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சங்கரி அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாத. நேத்து கொழம்புல உப்பு கம்மின்னு பக்கத்து வீட்ல சொல்லிட்டு வந்த மனுஷன். அவருக்குப் பொய்யே வராது."

கோயில் முனையில் நீலாம்பாள் இறங்கியபோது, அபி நினைத்ததைவிட உயரமாக இருந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் தண்ணீர் பாட்டில். "நீதான் அபியா? போன்ல பேசினப்ப முப்பது வயசு இருக்கும்னு நெனச்சேன்" என்று முதுகில் தட்டினார். பிடிக்காமல் போகக்கூடிய ஆளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று அபி நினைத்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் நீலாம்பாள் தறிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். அரக்குப் புடவை, பச்சைக் கரை. குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்த நமச்சிவாயம் நிமிர்ந்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு ஊடை நூல் கோத்த நாடாவைத் தள்ளினார்.

"இன்னொரு தறி எங்கம்மா?"

"ரிப்பேர்ல இருக்குது" என்றார் கலாவதி, கண் இமைக்காமல். தறியின் ஓட்டம் ஒரு கணம் தடுமாறியது. நமச்சிவாயம் மனைவியைப் பார்த்தார். மனைவி பார்த்த பார்வையில் மறுபடி நெய்ய ஆரம்பித்தார்.

"உங்க பொண்ணு ரொம்ப தெளிவுங்க" என்றார் நீலாம்பாள் நமச்சிவாயத்திடம். "வாடகை, தண்ணி, மோட்டாரு, கரண்ட் பில்லு, ஒண்ணு விடாம கேட்டா."

"யாரு, சங்கரியா? அவ கடையில மீதிச் சில்லறையே கேட்டு வாங்க மாட்டாளே" என்றார் அவர்.

"பெரியவளச் சொல்றாங்க!" என்று கலாவதி சத்தம் போட்டார். "நீங்க கரையப் பாத்து நெய்ங்க."

சங்கரி தாவணி முனையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அபிக்கும் ஒரு நொடி சிரிப்பு வந்தது. நடந்துவிடும் போலிருந்தது. ஆதார் கார்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் ஜோசுவாவைக் கொஞ்ச நாளைக்கு 'தம்பி' என்றே கூப்பிட்டுக்கொள்ளலாம். அப்பாவிடம் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம். மனசு வேகவேகமாக வழி கண்டுபிடித்துக்கொண்டே போனது.

அப்போதுதான் நீலாம்பாள் பாயில் உட்கார்ந்து, கலாவதியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"இந்தப் பொண்ணு எல்லாம் சொல்லுச்சும்மா. நாலு மணிக்கு எழுந்து, ரயிலப் புடிச்சி, ஆஸ்பத்திரியில நாள் முழுக்க நின்னுட்டு வரியாமே. தூங்கிப்போயி ஊரத் தாண்டிப் போயிட்டியாமே. கேட்டதும் எனக்கு மனசே ஆறல. இனிமே நீ நிம்மதியா தூங்கு தாயி. காலையில மோட்டார நானே போட்டுக்கறேன்."

"ஆமாங்க" என்றார் கலாவதி. "முடியலதான்."

அபி அந்தக் கைகளையே பார்த்தாள். ஒன்றரை வருஷத்தில் அம்மாவின் கையை யாரும் இப்படிப் பிடித்து இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்பா கேலி பண்ணுவார். அவள், அபி, நோட்டில் கோடு போடுவாள். முதல் தடவையாக ஒருத்தர் சொல்கிறார், அதுவும் வேறு யாருக்கோ போய்ச் சேருகிறது. வீடு கிடைத்தாலும் இந்த வார்த்தை இனி அம்மாவுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

"மேடம்" என்றாள். "அவங்க எங்கம்மா இல்ல."

கலாவதி கையை உருவிக்கொண்டார். தறி நின்றது.

"இது என் ஃபிரண்டு சங்கரி வீடு. எங்க வீடு ஓரிக்கையில. தறியெல்லாம் கெடையாது. எங்கப்பா பேரு சாமுவேல், ஏசி மெக்கானிக்கு. எங்கம்மா பேரு எஸ்தர். நாலு மணிக்கு எழுந்துக்கறது அவங்கதான். அது மட்டும் பொய் இல்ல." நின்றுவிட்டால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்தது. "உங்களுக்கு முன்னாடி மூணு வீட்ல கேட்டேன். அப்பா பேரக் கேட்டதும் வீடு இல்லன்னுட்டாங்க. ஒருத்தர் இன்னா ஆளுங்கன்னே கேட்டாரு. அதான் நீங்க நெய்யறவங்களான்னதும் ஆமான்னுட்டேன். எங்கப்பா அம்மாவுக்கு எதுவும் தெரியாது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க மேடம். முடிச்சூர்ல ஒரு வீடு பாத்து வெச்சிருக்கேன். தண்ணி வந்தா வரட்டும்."

தறிக் குழிக்குள்ளிருந்து நமச்சிவாயத்தின் குரல்தான் முதலில் வந்தது.

"ஏம்மா, சொல்றது சொன்ன, எதுக்கு ரெண்டு தறின்ன?"

சங்கரியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. அவள் சிரித்ததைப் பார்த்துக் கலாவதியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். நீலாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து குடையை எடுத்துக்கொண்டார்.

"மன்னிச்சிக்கோங்க" என்றார் கலாவதி. "பொடவைக்கு ஆசப்பட்டுட்டேன்."

"பொடவ எடுக்கத்தானே வந்தேன்? விக்கிற பொடவ எங்க இருக்குதோ அங்க கூட்டிக்கினு போயி, நியாயமா வெல சொன்னா எடுத்துக்கறேன்." பிறகு அபியைப் பார்த்தார். "நீ வெளிய வா."

அபி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தாள். தோளிலிருந்து ஏதோ இறங்கியிருந்தது. நேற்று ராத்திரிக்குப் பிறகு இப்போதுதான் முழு மூச்சு விட முடிந்தது. எந்த வீடாக இருந்தாலும் இனிமேல் அப்பா பேரை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வாடகையைக் கேட்பது என்று நினைத்துக்கொண்டாள். போனை வைக்கிறவன் அப்போதே வைத்துவிட்டுப் போகட்டும். போன் பில்லாவது மிச்சம்.

கோயில் முனையில் நீலாம்பாள் நின்றார்.

"உங்கம்மா இன்னிக்கு சர்ச்சுக்குப் போயிருப்பாங்க இல்ல? எத்தன மணிக்கு வருவாங்க?"

"பதினொன்றரை ஆவும் மேடம்."

"அதுக்குள்ள பொடவ எடுத்துக்கினு வந்துடுவேன். எந்த சர்ச்சுன்னு சொல்லு, வாசல்ல நிக்கறேன்."

"எதுக்கு மேடம்?"

"குடிவர்றவங்கள நான் பாக்க வேணாமா? இந்த வாட்டியாவது நெஜ அம்மாவக் காட்டு."

அபிக்குக் கண் கலங்கியது. சைக்கிள் மணியைத் தேவையில்லாமல் ஒரு தடவை அடித்தாள். நீலாம்பாள் குடையை விரித்தார், மறுபடி மடக்கினார். அந்த அதட்டல் குரல் இப்போது இல்லை.

"அந்த மூணு பேரு கேட்டத நான் அன்னைக்குப் போன்ல கேக்கல. ஆனா கேக்கறதுக்கு நீ எனக்கு நேரமே குடுக்கல பாரு, நெய்யறவங்களான்னதும் ஆமான்னுட்ட. நானும் சந்தோஷமா ஃபோன வெச்சிட்டேன். அந்தத் தறி வீட்லேர்ந்து இங்க வரைக்கும் அதையேதான் யோசிச்சிக்கினு வரேன். எனக்கே புடிபடல." அவர் அபியின் முகத்தை நேராகப் பார்த்தார். திட்டுவதற்காக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காக. "நீ சொல்லும்மா. அன்னைக்கு உங்கப்பா பேர மொதல்ல சொல்லியிருந்தீன்னா, வீடு இல்லன்ன நாலாவது ஆளு நானா இருந்திருப்பேனா?"