அடியில் ஒரு புள்ளி

அகராதி அலுவலகத்தில் அவளுக்கு ஒதுக்கியிருந்தவை ஒரு மேசை, ஆட்டம் கண்ட ஒரு மின்விசிறி, ஆங்கிலத்தின் ‘பி’ எழுத்து முழுவதும். மற்ற எழுத்துக்காரர்கள் தன்னைப் பொறாமையோடு பார்ப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் எழுத்து அவரவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களில் ஒரே ஒரு சொல் பாக்கி: ப்ரிடென்ஸ். உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைக் காட்டுவது. தமிழில் அதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? பாசாங்கு, பாவனை, பம்மாத்து, வேஷம், நடிப்பு, பகட்டு என்று வரிசைகட்டி நிற்கின்றன. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. விழித்துக்கொண்டே கண்ணை மூடிக் கிடக்கும் குழந்தை செய்வது பாசாங்கு. அதைப் பம்மாத்து என்றால் பெற்றவள் சண்டைக்கு வருவாள். இரவல் காரில் வந்து இறங்குகிறவன் காட்டுவது பகட்டு. ஒன்றும் தெரியாமல் எல்லாம் தெரிந்ததுபோல் பேசும் மேலதிகாரியுடையது பம்மாத்து. இந்தக் கடைசி உதாரணத்துக்கு அவள் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு சொல்லையும் ஒரு அட்டையில் எழுதி, மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். பதினோரு வருடப் பழக்கம். அவர் லேத் பட்டறையில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் அரைகுறை. ஆனால் இரும்பில் மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்த மனுஷன் தமிழில் மட்டும் விட்டுவிடுவாரா? “யாரு இப்படிப் பேசறாங்க?” என்று பாதியிலேயே மறிப்பார். அவர் சரி என்றால்தான் அட்டை உறைக்குள் போகும். கடைசி நாலு வருடமாக அவர் மறிப்பதே இல்லை. எல்லாவற்றுக்கும் “நல்லாருக்கு, அப்படியே போடு”தான். ஒருவழியாக நாம் தேறிவிட்டோம் என்று அவள் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தாள்.

அந்தப் பூரிப்பில் மண்ணை அள்ளிப் போட்டவள் அவர்கள் மகள். புதன்கிழமை மதியம் அலுவலகத்துக்கே போன் செய்தாள்.

“அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? பூனை செத்துப்போச்சுப்பான்னு அழுதுகிட்டே சொல்றேன். ‘ரொம்ப சந்தோஷம்மா, எல்லாரையும் கேட்டதாச் சொல்லு’ங்கறாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு, அவர் கடைசியாக எந்த அட்டையை மறித்தார் என்று யோசித்துப் பார்த்தாள்.

அன்று மாலை வேண்டுமென்றே ஒரு அட்டை எழுதினாள். ‘ப்ரிடென்ஸ்: நான்கு கால்கள் உடைய, உட்காரப் பயன்படும் மரப்பலகை. எடுத்துக்காட்டு: விருந்தாளி வந்ததும் ப்ரிடென்ஸை இழுத்துப் போட்டார்.’ ஜன்னலோரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கமான குரலில், நிறுத்தி நிதானமாகப் படித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தபடி, இடையிடையே தலையை ஆட்டி, முடிந்ததும் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

“நல்லாருக்கு, அப்படியே போடு.”

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாலு வருடம்! எத்தனை ஆயிரம் சொற்கள்! அத்தனையையும் சுவரைப் பார்த்துப் படித்திருக்கிறாள். உலகத்தில் தன் வேலையைக் காது கொடுத்துக் கேட்க ஒரு ஆள் உண்டு என்று நம்பியிருந்தாள். அந்த ஆளும் இல்லை. பெஞ்சு அட்டையை மற்ற அட்டைகளோடு உறைக்குள் திணித்து மேசைமேல் எறிந்தாள். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை ‘ணங்’கென்று வைத்தாள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை உறையைத் தூக்கிக்கொண்டு கடுகடுவென்று அலுவலகம் போனாள். பெஞ்சு அட்டையை உருவி எடுக்க மறந்துபோனாள். அங்கே மெய்ப்புத் திருத்துகிறவர், தடித்த மூக்குக்கண்ணாடியால் எல்லோருக்கும் ‘சோடாபுட்டி சார்’, வழக்கம்போல் உறையை வாங்கிப் பிரித்தவர் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தார். அடக்கியும் அடங்காத சிரிப்பு.

“மேடம், இந்த பெஞ்சு சமாசாரம் என்னன்னு புரியல. இதுல புள்ளியும் ஏகப்பட்டது வெச்சிருக்கீங்க.”

“புள்ளியா? புள்ளி வைக்கிறது நீங்கதானே சார்?”

“நானா? நாலு வருஷமா உங்க அட்டையில சில வார்த்தைக்கு அடியில பென்சில் புள்ளி வருது. உங்களுக்கே சந்தேகம்போலன்னு, இன்னொரு தடவை பாருங்கன்னு திருப்பி அனுப்பறேன். அவ்வளவுதான்.”

அந்தப் புள்ளிகளுக்காக இந்த மனிதரை மனசுக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறாள்! திட்டிக்கொண்டே புள்ளி வைத்த சொல்லை மாற்றுவாள். மாற்றியது ஒவ்வொரு முறையும் மேலாகத்தான் இருந்திருக்கிறது. அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஒரு சொல் பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் அடியில் புள்ளி. அட்டையின் கீழே, பட்டறை வரைபடங்களில் அளவு குறிக்கும் அதே கட்டை எழுத்தில் ஒரு வரி:

‘காதுதான் போச்சு. கண்ணு இருக்கு.’

விடியற்காலையில் அவளுக்கு முன்னே எழுந்து மேசை விளக்கைப் போடுகிறவர் பேப்பர் படிக்கிறார் என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். சோடாபுட்டி சார் எதிரிலேயே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, “இதை மாத்தச் சொல்லணும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். நல்ல மனுஷன்.

மாலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு வெற்று அட்டையில் ‘ஏன் சொல்லல?’ என்று எழுதிக் கணவரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

“சொன்னா அட்டைய என் கையில குடுத்துட்டு நீ பாட்டுக்கு உன் வேலையப் பார்க்கப் போயிடுவே. பக்கத்துல உட்கார்ந்து படிக்க மாட்டியே.”

அன்று மதியம் எழுதிய உண்மையான அட்டையை எடுத்து, ஒரு சொல்கூட அவருக்கு எட்டாது என்று தெரிந்தும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்தாள். ‘ப்ரிடென்ஸ்: பிறரை ஏமாற்றுவதற்காக மேற்கொள்ளும் பொய்த்தோற்றம், பாசாங்கு, பாவனை.’ படித்து முடித்து அட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். நாலு வருடத்தில் முதல்முறையாக அவள் கண்ணெதிரில் ஒரு புள்ளி வைத்தார், ‘ஏமாற்றுவதற்காக’ என்பதற்கு அடியில்.

அவள் பேனாவால் அதையும் அதற்கு முந்தைய ‘பிறரை’ என்பதையும் அடித்துவிட்டு, ‘பிறருக்காக’ என்று எழுதி அட்டையை அவரிடம் நகர்த்தினாள். அவர் கண்ணுக்கு அருகில் வைத்து மெதுவாகப் படித்தார்.

“நல்லாருக்கு,” என்றார். “அப்படியே போடு.”