கோபுரத்திலிருந்து ஒரு தாவல்

இருபது முகப் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டிராகன் கதை விளையாட்டை ஐந்து வருடமாக அண்ணன்தான் நடத்திவந்தான். நடத்துபவர்தான் கதையைச் சொல்லி, எந்த எண் விழுந்தால் என்ன நடக்கும் என்று முடிவு செய்வார். அந்த ஞாயிறு முதல்முறையாக, பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் தங்கை நடத்தினாள். மேசையைச் சுற்றி அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டு வெல்டர்.

விளையாட்டில் திருடியாக வந்த அண்ணி, கோபுரத்திலிருந்து பறக்கும் டிராகனின் முதுகில் குதிக்கப்போவதாகச் சொன்னாள்.

"அதெல்லாம் முடியாது," என்று அண்ணன் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். "இதுல அப்படி ஒண்ணுமே கிடையாது."

இப்படி அவன் குறுக்கிட்டது நான்காவது தடவை. தங்கை புத்தகத்தைப் பிடுங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னைக்கு நடத்துறது நான். அண்ணி, பதினஞ்சு விழுந்தா டிராகன் முதுகு. குறைஞ்சா பாதாளம். உருட்டுங்க."

பதினான்கு விழுந்தது.

"ஒண்ணுதானேம்மா, விட்டுடு," என்றார் வெல்டர்.

"விடமாட்டேன். சொன்னா சொன்னதுதான். அண்ணி, கை வழுக்கிடுச்சு, விழுந்துட்டிருக்கீங்க. கீழ பாறை. யார் என்ன பண்றீங்க?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான்.

"நான் கோபுர ஜன்னல் வழியா கயித்த வீசுறேன்!"

"உருட்டுண்ணே," என்றாள் தங்கை.