பதினான்கு வயதுக்கு மேல்

பெரம்பலூர் துறைமங்கலத்தில் மேகலா நடத்திவந்த பயிற்சி மையத்துக்கு வருஷக்கணக்காகப் பணம் அனுப்பிய வெளிநாட்டு அறக்கட்டளை, இந்த மார்ச்சோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. கை கால் சரியாக இயங்காத பிள்ளைகளுக்கான மையம் அது. அரியலூர்ப் பக்கமிருந்தும் எறையூரிலிருந்தும் தாய்மார்கள் காலை பஸ்ஸில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பயிற்சி தரும் பெண்களின் சம்பளம், வாடகை, மதியச் சாப்பாடு எல்லாம் அந்தப் பணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நல்லவேளையாக, சென்னைக் கம்பெனி ஒன்று மூன்று வருஷத்துக்கு முழுச் செலவையும் ஏற்க முன்வந்தது. பார்வையிட வந்த அதிகாரி சண்முகப்பிரியா நல்ல பெண்தான். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடினாள். கிளம்பும்போதுதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒரே ஒரு விஷயம் மேடம். இது குழந்தைங்களுக்கான திட்டம். பதினாலு வயசுக்கு மேல இருக்கறவங்கள இதுல சேர்க்க முடியாது. பெரியவங்களுக்கு வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

மேகலாவின் கண் ஜன்னல் பக்கம் போனது. அங்கே அவள் மகள் சிந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் போகிற ஆட்டோக்களைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு. நடக்க வராது. பேச்சும் நாலைந்து சொல்லோடு சரி.

மையத்தை நடத்தும் உள்ளூர் டிரஸ்டின் பொருளாளர் ஜெயசீலன், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதில் யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

"ஊர்ல நூறு பேருகிட்ட போய் நிக்கிறதவிட ஒரே எடத்துல வாங்கறது நிம்மதிங்க. பெரிய புள்ளைங்க அஞ்சாறு பேருதான். சிந்துவ வூட்டுல வச்சுப் பாத்துக்கலாமேம்மா?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மேகலாவும் கோபப்படவில்லை. உண்மையில் அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது. சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ஒரு வாரம் டைம் குடுங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய தோழி இஃப்பத்தைப் பார்க்க லப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் ஏறினாள். இஃப்பத் குவைத்திலிருந்து திரும்பி வருஷம் ஒன்றாகியும் மையத்துப் பக்கம் வரவேயில்லை. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் போனில் பேசுவதோடு சரி.

எறையூர் சர்க்கரை ஆலையைத் தாண்டும்போது கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. மேகலாவுக்கு அந்த நாளைய திருச்சி பஸ் ஞாபகம் வந்தது. அவள் மடியில் சிந்து, இஃப்பத் மடியில் அவள் மகன் வாசிம். வாரம் தவறாமல் பெரியாஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போனார்கள். அந்த பஸ்ஸில்தான் பழக்கமே. பாடாலூரில் டீக்கு நிறுத்தும்போது மேகலாவின் புளிச்சோறு இஃப்பத்திடம் போகும், இஃப்பத்தின் இடியாப்பமும் ஆணம் என்கிற குழம்பும் இந்தப் பக்கம் வரும். டிரைவர் பிரேக் போட்டால் வாசிம் கெக்கெக்கென்று சிரிப்பான். அவன் சிரிப்பதைப் பார்த்துச் சிந்து சிரிப்பாள். இரண்டு பிள்ளைகளும் சிரிக்கட்டும் என்றே அந்த டிரைவர் வெறும் ரோட்டிலும் பிரேக்கை மிதிப்பார். பின்னால் நிற்கிறவர்கள் அவரைத் திட்டித் தீர்ப்பார்கள்.

அப்புறம்தான் பெரம்பலூரிலேயே பயிற்சி கொடுக்க இரண்டு பேரும் ஒரு அறை பிடித்தார்கள். இஃப்பத்தின் வீட்டுக்காரர் மெத்தைகள் வாங்கித் தந்தார். ஒரு தாய் அரிசி கொண்டு வருவாள், இன்னொருத்தி வந்து பெருக்குவாள். முனைக் கடைக்காரர் சாயங்காலம் மிஞ்சுகிற வாழைப்பழத்தை அனுப்பி வைப்பார். அதையெல்லாம் நிதி என்று யாரும் சொன்னதில்லை. வாசிமுக்குப் பதினோரு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அதோடு போய்விட்டான். இஃப்பத் புருஷனோடு குவைத் போனாள். வெளிநாட்டுப் பணம் வந்தது அதற்குப் பிறகுதான்.

"வாங்கக்கா, என்னா இப்புடி எளச்சுப் போயிட்டீங்க" என்று வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள் இஃப்பத். அவளுக்கும் தலை நரைத்திருந்தது.

தேத்தண்ணி குடித்தபடியே மேகலா எல்லாவற்றையும் சொன்னாள். வயதுக் கட்டுப்பாட்டைச் சொன்னதும் இஃப்பத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"வாசிம் இருந்தா இப்ப இருவத்தஞ்சுக்கா. அவனையும் வெளியதான் நிறுத்தியிருப்பாங்க, இல்ல?"

மேகலா தன் தம்ளரையும் கீழே வைத்தாள்.

"உங்க ஊர்ல ஜகாத் பணம் கெடைக்குமான்னு கேக்கத்தான் வந்தேன் இஃப்பத்."

"ஜகாத்துக்குச் சட்டதிட்டம் இருக்குக்கா, இன்னாருக்குத்தான் குடுக்கணும்னு. வாடகைக்கும் சம்பளத்துக்கும் எடுக்க ஒத்துக்க மாட்டாங்க. ஸதகாங்கற தர்மம் அப்புடி இல்ல, யாருக்கும் குடுக்கலாம். மாசாமாசம் அவங்கவங்க முடிஞ்சத போடச் சொல்றேன். எங்க தெருப் பொம்பளைங்ககிட்ட நான் பேசறேன்."

"மாசாமாசம் வருமா?"

"கூடக் கொறய வரும். ஒருத்தி நிறுத்துனா இன்னொருத்தி இருப்பா. மொத்தமா ஒரே நாள்ல நின்னு போவாதுல்லக்கா?"

திரும்பும் பஸ்ஸில் மேகலா தீர்மானித்துவிட்டாள். அடுத்த கூட்டத்தில் ஜெயசீலனிடம் சொன்னாள்.

"கம்பெனிய வேணாங்கல சார். சாமான், வண்டி இந்த மாதிரி ஒரு தடவ வாங்கறதுக்கு அவங்ககிட்ட கேப்போம். தெனப்படி செலவு மட்டும் நம்ம மனுசங்ககிட்டருந்து வரட்டும். புள்ளையப் பெத்தவங்களும் முடிஞ்சத போடட்டும். யாரு உள்ள இருக்கலாம்னு நாமதான் சொல்லணும்."

"பத்தாம போச்சுன்னா?"

"பத்தாதுதான். சாயங்கால வகுப்ப நிறுத்திருவோம். எனக்கும் சம்பளம் வேணாம்."

ஜெயசீலன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கு மனசு ஒப்பலங்க" என்றார். ஆனால் மறுநாளே பெரம்பலூர்க் கடைவீதியில் தெரிந்தவர்களையெல்லாம் போய்ப் பார்த்தவரும் அவர்தான்.

வண்டி தர முடியாது என்றது கம்பெனி. நடைப் பயிற்சிக்கான கம்பிகளையும் சில நாற்காலிகளையும் சண்முகப்பிரியா எப்படியோ வாங்கித் தந்தாள். மாதச் சந்தா மெதுவாகத்தான் சேர்ந்தது. பயிற்சிப் பெண்களில் ஒருத்திக்குச் செவ்வாய்க்கிழமை வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. மேகலாவுக்கு அது ரொம்ப வருத்தம். பெரிய பிள்ளைகள் யாரும் வெளியே போகவில்லை.

ஆனி மாதம் ஒரு நாள் இஃப்பத் தெருப் பெண்கள் சிலரோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மற்றவர்கள் உள்ளே போன பிறகும் அவள் மட்டும் வாசலிலேயே நின்றாள். மேகலா கூப்பிடவில்லை. சற்று நேரம் கழித்துத் தானாகவே வந்து சிந்துவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிந்துவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஆனாலும் இஃப்பத்தின் வளையலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

போகும்போது இஃப்பத் கேட்டாள்: "நான் வாரத்துல ஒரு நா வரட்டுமாக்கா?"

"செவ்வாக்கெழம ஆள் கொறச்சல்" என்றாள் மேகலா. "அன்னிக்கு வா."